சிந்தல் கணக்கு

என் அப்பா திருவண்ணாமலையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அறுவடைக் காலத்தில் பள்ளி விட்டதும் நான் வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே போய்விடுவேன். செங்கம், கலசபாக்கம் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டிகளில் நெல்லும் மல்லாட்டையும் வந்து இறங்கும். வேர்க்கடலை என்று சொன்னால் எங்கள் ஊரில் வெளியூர்க்காரனாகிவிடுவோம், அது மல்லாட்டைதான். நெல் அளப்பவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார். 'லாபம்' என்பார். அதன் பிறகு 'ரெண்டு, மூணு' என்று ஒரு ராகத்தில் எண்ணிக்கை போகும். இரண்டு அளவைகளுக்கு நடுவில் கை நிற்காது. நின்றால் ராகம் அறுந்து எண்ணிக்கை தவறிவிடும். அந்த வேகத்தில் நெல் சிந்தத்தான் செய்யும்.

மாலையில் எல்லாம் ஓய்ந்த பிறகு ஓர் அம்மாள் வந்து சிந்தியதைக் கூட்டுவார். முறத்தில் புடைத்து, கல்லும் மண்ணும் நீக்கி அப்பாவிடம் கொண்டுவருவார். அப்பா அதையும் அளக்கச் சொல்லி, பேரேட்டில் 'சிந்தல்' என்று தனியாகத் தலைப்பிட்டு, எவருடைய குவியலில் சிந்தியதோ அவர் பெயரில் எழுதுவார். ஒரு படி, அரைப்படி, சில நாட்களில் ஆழாக்கு. நூற்றுக்கணக்கான மூட்டைகளுக்கு நடுவில் இந்த ஆழாக்குக்கு எதற்குத் தனிக் கணக்கு என்று ஒருநாள் கேட்டேன். "மூட்டைக் கணக்க யாரு வேணா எழுதுவாங்கடா. சிந்தனத எழுதத்தான் கணக்குப்பிள்ளை" என்றார். அப்போது எனக்கு அது அவருடைய தொழிற்பெருமை என்று மட்டுமே பட்டது.

நானும் பிற்காலத்தில் ஒருவகைக் கணக்குப்பிள்ளையாகத்தான் ஆனேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்புசார் தரவுத்தளங்களோடு என் பிழைப்பு நடக்கிறது. குறிப்பாக ஏற்றுகிற வேலை. ஓரிடத்தில் கோப்பாகக் குவிந்துகிடக்கும் லட்சக்கணக்கான வரிகளை எடுத்து இன்னோரிடத்து அட்டவணைக்குள் மொத்தமாகச் செலுத்துவது. ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் என்று நான்கிலும் கைபழகியிருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்கள், இவற்றில் மொத்தமாக ஏற்றுவதற்கு எது சிறந்தது என்று கேட்பார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது வேகத்தைப் பற்றிய பதிலை. என் பதில் வேறு. அதைச் சொல்வதற்கு இலக்கியம் படிக்கிறவர்கள் கூடும் இந்த இடம் பொருத்தமா என்ற தயக்கம் எனக்கு உண்டு. ஆனால் விஷயம் கடைசியில் பெயர்களைப் பற்றியது, ஒரு பெயரில் இருக்கும் எழுத்துக்களைப் பற்றியது. அதனால் துணிகிறேன்.

*

ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் இந்தத் தரவுத்தளங்கள் எல்லாம் கிளைத்தன. அவர் சொன்னதன் சாரம் எளியது. தகவல்களை அட்டவணைகளாகப் பாருங்கள். ஓர் அட்டவணை என்பது வரிகளின் கணம். கணத்தில் முன் பின் என்ற வரிசை கிடையாது. ஒரு வரியை அது எங்கே இருக்கிறது என்பதைக்கொண்டு அல்ல, அதற்குள் என்ன இருக்கிறது என்பதைக்கொண்டே அடையாளம் காண வேண்டும். ஆகவே கட்டளையும் ஒவ்வொரு வரிக்குமாக அல்லாமல் கணம் முழுமைக்கும் இடப்படுகிறது. 'அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுவா' என்றால் போதும். ஒவ்வொருவராகப் போய் வயது கேட்கவேண்டியதில்லை.

மொத்தமாக ஏற்றுவது ஏன் வேகமானது என்பதும் இதோடு ஒட்டியதே. ஒரு வரியைத் தனியாகச் சேர்க்கும்போது, கட்டளை வலையமைப்பு வழியாகப் போகிறது, தரவுத்தளம் அதைப் படித்துப் பொருள்கொள்கிறது, அட்டவணையில் எழுதுகிறது, அட்டவணைக்குரிய சுட்டிகளில் எல்லாம் எழுதுகிறது, மின்சாரம் போனாலும் அழியாதபடி தன் குறிப்பேட்டில் எழுதி, அது வட்டில் பதிந்துவிட்டதா என்று காத்திருந்து, பிறகு 'ஆயிற்று' என்று பதில் அனுப்புகிறது. ஒவ்வொரு மல்லாட்டையையும் தனித்தனியாக லாரியில் வைத்து ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்குவதைப் போன்றது இது. மொத்தமாக ஏற்றும்போது இந்தச் சடங்குகளை ஆயிரம் வரிகளுக்கு ஒருமுறை, அல்லது கோப்பு முழுமைக்கும் ஒருமுறை என்று சுருக்கிவிடலாம். ஆரக்கிளின் 'நேர்ப்பாதை' முறை இன்னும் ஒருபடி போகிறது. வழக்கமான வாசல்களைத் தவிர்த்துவிட்டு, வட்டில் எழுதப்படும் தொகுதிகளைத் தானே ஆயத்தம் செய்து, அட்டவணையில் இதுவரை பயன்பட்ட எல்லைக்கு மேலே நேராகக் கொண்டுபோய் அடுக்குகிறது. மணிக்கணக்கில் நடந்த வேலை நிமிடங்களில் முடிவதை நான் கண்டிருக்கிறேன்.

நான்கு தரவுத்தளங்களும் இதை அவரவர் பாணியில் செய்கின்றன. போஸ்ட்கிரஸில் 'காப்பி', மைஎஸ்க்யூஎல்லில் 'லோட் டேட்டா', எஸ்க்யூஎல் சர்வரில் 'பல்க் இன்சர்ட்', ஆரக்கிளில் 'எஸ்க்யூஎல் லோடர்'. வேகத்தில் இவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை நல்ல வன்பொருளும் பொறுமையும் பெரிதும் ஈடுகட்டிவிடும். ஈடுகட்ட முடியாத வேறுபாடு ஒன்று உண்டு. பொருந்தாத ஒரு வரி வந்தால் அதை என்ன செய்வது என்பதில் இந்த நான்கும் நான்கு விதமான மனிதர்கள்.

*

போஸ்ட்கிரஸ் பிடிவாதக்காரர். பத்து லட்சம் வரிகளில் கடைசி வரியில் தேதி தவறாக இருந்தாலும் மொத்தத்தையும் நிராகரித்துவிடும். எல்லோரும் உள்ளே, அல்லது எவருமே இல்லை. எந்த வரியில் என்ன தவறு என்று ஒன்றே ஒன்றைச் சொல்லும். அதைச் சரிசெய்து மறுபடி தொடங்கினால் அடுத்த தவறைச் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு இந்தக் குணத்தைச் சபிக்காதவர் எங்கள் தொழிலில் இருக்க முடியாது.

மைஎஸ்க்யூஎல், குறிப்பாக அதன் பழைய பதிப்புகள், தட்டிக்கேட்காத நல்லவர். பெயர் பெட்டியைவிட நீளமாக இருந்தால் வாலை நறுக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். தேதி புரியாவிட்டால் எல்லாம் சுழியாக ஒரு தேதியைத் தானே எழுதிக்கொள்ளும். 'எச்சரிக்கைகள்' என்று ஓர் எண்ணைக் காட்டும். தேடிப்போய்க் கேட்டால்தான் விவரம் சொல்லும். 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்துதான் கண்டிப்பு அதன் இயல்பு நிலையாயிற்று. ஒரே அடையாளத்தோடு இரண்டு பேர் வந்தால் என்ன செய்வது என்பதற்கு இரண்டு சொற்களை அது வைத்திருக்கிறது. ஒரு சொல்லைப் போட்டால் பின்னால் வந்தவர் முன்னவரை அழித்துவிட்டு அவர் இடத்தில் அமர்ந்துகொள்வார். மற்றொன்றைப் போட்டால் பின்னவர் வாசலோடு திரும்பிவிடுவார். எங்கள் ஊரில் இது சிறிய விஷயம் அல்ல. மலையின் பெயரும் மலையானின் பெயரும் தெருவுக்குப் பத்துப் பேருக்கு இருக்கும். தாத்தா பெயர் பேரனுக்கு வரும். அருணாசலத்தின் மகன் அண்ணாமலை, அண்ணாமலையின் மகன் அருணாசலம், அவன் மகன் மறுபடியும் அண்ணாமலை. பெயரையும் தந்தை பெயரையும் மட்டும் அடையாளமாக நம்பி ஏற்றினால், பேரன் வந்து தாத்தாவை அழித்துவிடுவான்.

எஸ்க்யூஎல் சர்வர் ஓர் அதிகாரியைப் போன்றது. இயல்பு நிலையில் பத்துத் தவறுகள் வரை பொறுத்துக்கொள்ளும். அதைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிடும். அவசரத்துக்காகச் சில விதிகளைப் பார்க்காமல் விடவும் அதற்குத் தெரியும். நீங்கள் குறிப்பாகச் சொன்னாலொழிய, மொத்தமாக ஏற்றும்போது சரிபார்ப்பு விதிகளையும் அயல் அட்டவணைத் தொடர்பு விதிகளையும் அது சோதிப்பதில்லை. ஆனால் அதிலும் ஒரு நேர்மை உண்டு. அந்த விதிகளின்மேல் 'இனி நம்பத்தக்கதல்ல' என்று தானே ஒரு குறி இட்டு வைக்கும். தமிழைப் பொறுத்தவரை அதனிடம் வேறொரு இடர் இருந்தது. யூனிகோடுக்கு உரியதென்று அறிவிக்காத பெட்டியில் தமிழ்ப் பெயரைப் போட்டால் எழுத்துக்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். சாதாரணப் பெட்டிகளிலும் யூடிஎஃப்-8 முறையில் தமிழைச் சேமிக்கும் வசதி 2019 பதிப்பில்தான் வந்தது.

ஆரக்கிளின் எஸ்க்யூஎல் லோடர்தான் என் அப்பாவின் சாதி. அது பொருந்திய வரிகளை உள்ளே அனுப்பிக்கொண்டே போகும். பொருந்தாதவற்றை, வந்த வடிவம் மாறாமல் 'பேட் ஃபைல்' என்ற தனிக் கோப்பில் எழுதி வைக்கும். ஏன் தள்ளினேன் என்ற காரணத்தை ஒவ்வொரு வரிக்கும் பதிவேட்டில் எழுதும். நீங்களே வகுத்த நிபந்தனைக்கு உட்படாததால் விடுபட்டவர்களுக்கு, கேட்டால் இன்னொரு கோப்பு. அதாவது சிந்தியவர்கள் வேறு, நீங்களே விலக்கியவர்கள் வேறு என்று இனம் பிரிக்கிறது. தள்ளிய கோப்பைத் திருத்தி மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம் என்பதற்காகத்தான் அந்த வடிவம் மாறாமை. முறத்தில் புடைத்து மீண்டும் அளப்பது போல. ஐம்பது தவறுகளுக்கு மேல் போனால் நின்றுவிடும் என்பது அதன் இயல்பு நிலை. ஐம்பதுக்கு மேல் சிந்துகிறதென்றால் அளப்பவன் கையில் ஏதோ கோளாறு, நிறுத்திப் பார் என்கிறது. நாங்கள் என்ன செய்வோம் என்றால், அந்த ஐம்பதை 999999 என்று மாற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்.

*

2007இல் சென்னையில் ஒரு நிறுவனத்தில் இருந்தபோது அப்படித்தான் தூங்கப் போனேன். ஏறத்தாழ இரண்டு லட்சம் வரிகள், ஆட்களின் பட்டியல். காலையில் வந்து பார்த்தபோது முந்நூற்றுச் சொச்சம் பேர் தள்ளப்பட்டிருந்தார்கள். நூற்றில் கால் பங்குகூட இல்லை. அறிக்கையில் 'ஏற்கத்தக்க இழப்பு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேலதிகாரி பாராட்டினார். அந்தத் தள்ளப்பட்ட கோப்பை நான் திறக்கவே இல்லை. இடம் அடைக்கிறது என்று சில வாரங்கள் கழித்து யாரோ அழித்தார்கள். அதில் இருந்தவர்கள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2009இல் ஊருக்குப் போயிருந்தபோது அத்தை ஒரு பையை எடுத்து என் முன்னால் வைத்தார். அப்பாவின் அக்கா. கணவர் இறந்து நீண்ட காலமாயிற்று, பிள்ளைகள் இல்லை. மாதந்தோறும் ஓர் அலுவலகத்திலிருந்து அவருக்குச் சிறு தொகை வந்துகொண்டிருந்தது. நான்கு மாதமாக வரவில்லை. பையில் அட்டைகள், ரசீதுகள், மடிப்புகளில் கிழிந்த ஒரு மனுவின் நகல்.

"ஏன் அத்தே எனக்குச் சொல்லல?"

"நீ மெட்ராஸ்ல வேலையா இருப்ப. போயி கேட்டேன்டா. பழைய லிஸ்ட்டுல பேரு இருக்குதாம், புதுசுல இல்லியாம். கம்ப்யூட்டர் எடுத்துக்கல பாட்டின்னு சொல்றான் அந்தப் புள்ள. அது எடுத்துக்கலன்னா நான் இன்னாடா பண்ணட்டும்?"

மறுநாள் அவரோடு போனேன். முன்னறையில் இருந்த இளைஞர் மரியாதையாகவே பேசினார். பழைய பட்டியலைப் புதிய முறைக்கு மாற்றியபோது சில பெயர்கள் வரவில்லை என்றார். எத்தனை என்று கேட்டேன். தெரியாது என்றார். தள்ளப்பட்டவற்றின் கோப்பு இருக்குமே என்றேன். அவர் என்னை வியப்போடு பார்த்தார். பிறகு தேடிப்பார்த்து, ஏற்றியவர்கள் விட்டுச்சென்ற பதிவேட்டின் அச்சுப்பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் எனக்கு நன்கு பழகிய ஆரக்கிளின் வாசகம் இருந்தது. பெட்டிக்கு மதிப்பு மிகப் பெரிது. உள்ளது 48, உச்சம் 40.

அத்தைக்கு எங்கள் ஊர் அம்மனின் பெயர். உண்ணாமுலையம்மாள். எழுதினால் ஒன்பது எழுத்து. ஆனால் கணினி எழுத்தை நம்மைப் போல எண்ணுவதில்லை. யூனிகோடில் 'ண்' என்பது ண ஒன்று, புள்ளி ஒன்று. 'ணா' என்பது ண ஒன்று, கால் ஒன்று. அப்படி எண்ணினால் ஒன்பது எழுத்து பதினாறு குறிகளாகிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். ஆக 48. ஆரக்கிளில் பெட்டியின் அளவை 40 என்று சொன்னால், வேறு விதமாகக் கேட்டுக்கொண்டாலொழிய, அது 40 எழுத்தல்ல, 40 பைட்டு. ஆங்கிலத்தில் பதினான்கு எழுத்தில் அடங்கிவிடும் பெயருக்குத் தமிழில் இடமில்லை. பெட்டியை வகுத்தவர் கெட்டவரல்ல. ஒரு பெயருக்கு 40 தாராளம் என்று நினைத்திருப்பார். ஆங்கிலத்தில் நினைத்திருப்பார்.

அந்தப் பட்டியலை ஏற்றியவன் நான் அல்ல. ஆனால் ஏற்றியவனை எனக்குத் தெரியும். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், அறிக்கையில் என்ன எழுதினான், தள்ளப்பட்ட கோப்பை ஏன் திறக்கவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆரக்கிள் தன் கடமையை ஒழுங்காகச் செய்திருந்தது. சிந்தியதைக் கூட்டி, புடைத்து, காரணத்தையும் எழுதி மேசைமேல் வைத்திருந்தது. பேரேட்டில் ஏற்றவேண்டிய கணக்குப்பிள்ளைதான் வரவில்லை.

இதே பெயர் மற்ற தரவுத்தளங்களுக்குள் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று பேருந்தில் திரும்பும்போது எண்ணிக்கொண்டு வந்தேன். போஸ்ட்கிரஸும் மைஎஸ்க்யூஎல்லும் பெட்டியைக் குறிகளால் அளப்பவை. 40 என்றால் தாராளமாக அடங்கியிருக்கும். பெட்டியின் அளவு 15 என்று இருந்தால்? போஸ்ட்கிரஸ் ஊரையே உள்ளே விடாமல் நிறுத்தியிருக்கும். அன்றைக்கே ஒருவன் எழுந்து வந்து, யார் இந்தப் பாட்டி என்று பார்த்திருப்பான். பழைய மைஎஸ்க்யூஎல் கடைசிக் குறியை மட்டும் நறுக்கிவிட்டு அவரை உள்ளே விட்டிருக்கும். கடைசிக் குறி 'ள்' மேல் இருக்கும் புள்ளி. புள்ளி போன பெயரோடு அத்தைக்கு மாதாமாதம் பணம் வந்திருக்கும். எது மேல் என்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை. நான்கு மாதம் காத்திருந்தவருக்குப் புள்ளி பெரிதாக இருந்திருக்காது. ஆனால் அந்தப் புள்ளி போனதை எவரும் என்றைக்கும் அறிந்திருக்கமாட்டார்கள். வாசலில் நின்று சண்டை போடவாவது தள்ளப்பட்டவருக்கு வாய்ப்பு இருக்கிறது. திரிக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை.

அலுவலகத்தில் அத்தையின் பெயரைச் சுருக்கி 'உண்ணாமுலை' என்று ஏற்றிக்கொண்டார்கள். ஒன்பது குறி, 27 பைட்டு. மூன்று முறை நடந்த பிறகு பணம் வந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்திட்டபோது அவர் எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு வெகு முன்பே பள்ளிக்குப் போனவர். பழைய 'ணா', யானைத் துதிக்கை போல வளைந்த பழைய 'லை'. படிவத்தில் இருந்த பெயருக்கு மேலே போய், விடாமல் 'யம்மாள்' என்பதையும் எழுதி முடித்தார். இளைஞர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையமர்த்தினேன்.

*

அத்தை இப்போது இல்லை. மண்டியில் மரக்கால் போய் மின்தராசு வந்துவிட்டது. என் தொழிலிலும் மாற்றங்கள். பிடிவாதக்காரரான போஸ்ட்கிரஸ்கூட 2024இல் வந்த 17ஆம் பதிப்பில் சற்று இறங்கிவந்திருக்கிறது. கேட்டுக்கொண்டால், வகை பொருந்தாத வரிகளை விட்டுவிட்டு மேலே போகும். கடைசியில், இத்தனை வரிகள் தவிர்க்கப்பட்டன என்று ஓர் எண்ணைச் சொல்லும். எத்தனை என்பதைத் தானாகச் சொல்லும். எந்த வரி, எந்தப் பெட்டி என்பதைத் தனியாகக் கேட்டால்தான் சொல்லும். எங்கள் அலுவலகத்து இளைஞர்கள் இதைக் கொண்டாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான், இனி இரவுகளில் தூங்கலாம். ஆனாலும் தனியாகக் கேட்கும் அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதாத எவருடைய ஏற்றத்துக்கும் நான் ஒப்புதல் தருவதில்லை.

ஆகவே, எது சிறந்தது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். இயல்பு நிலையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். நாம் எதுவும் சொல்லாதபோது ஒரு கருவி செய்வதுதான் அதன் குணம். நாம் யோசிக்காமல் விட்ட ஆட்களுக்கு நடப்பதும் அதுதான். பிறகு, சிந்தியதை எங்கே வைக்கிறது என்று பாருங்கள். கடைசியாக, அதைத் திறந்து படிக்க உங்கள் அலுவலகத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். இந்த மூன்றாவதைத் தரவுத்தள நிறுவனங்கள் விற்பதில்லை.

கார்த்திகையில் மலைமேல் ஏற்றும் தீபத்துக்கு ஊர் முழுவதும் நெய் கொடுக்கிறது. எல்லாம் ஒரே கொப்பரையில் கலந்துவிடுகிறது. யாருடைய நெய் எரிகிறது என்று எவரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். அங்கே கலப்பதுதான் பேறு. பட்டியல்கள் அப்படியல்ல. பட்டியலில் ஒருவர் கலந்து மறைந்துவிட்டால், அவர் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எரிவது நின்றுபோகலாம்.

சென்ற மாதம் ஒரு ஏற்றம் முடிந்தபோது 41 வரிகள் தள்ளப்பட்டிருந்தன. வழக்கம்போல அச்செடுத்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தேன். பக்கத்து இருக்கைப் பையன் சிரித்தான். பிறகு அவனும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நாற்பதை மாலைக்குள் சரிசெய்துவிட்டோம். தலைப்பெழுத்து இடம் மாறியவை, தேதியில் மாதம் பதின்மூன்று என்று இருந்தவை, பெயர் நீண்டவை. ஒரு வரியில் மட்டும் பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. வயது 74, பெண் என்று மட்டும் தெரிந்தது. அனுப்பியவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அந்தக் கோப்பு ஒரே ஒரு வரியோடு என் மேசைக் கணினியில் அப்படியே இருக்கிறது.